எட்டு ஓட்டை நீலப் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எழுதப் போகிறேன். முதலில் இங்கே. பிறகு எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்.

கல்லூரி விட்டு வரும் வழியில் டிரம்மர் பிடித்துக்கொண்டார். பழைய குழுவில் என்னோடு இன்னும் பேசுகிற ஒரே ஆள். என் இடத்துக்கு வந்த கிட்டார்காரிக்கும் அதே இரைச்சலாம். பாட்டு நின்றதும் கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். மேடையில் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். ஆனால் பதினைந்தாம் தேதி ஒலிப்பதிவு. அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக மைனர் சொல்லிவிட்டானாம்.

மைனர் எங்கள் பாடகன், குழுத் தலைவன். வெள்ளை ஷூவால் வந்த பெயர்.

அந்தக் கிட்டார்காரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் நாற்காலியில் உட்கார்ந்தவள். படட்டும் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். நல்ல பசி.

மார்ச் 5, புதன்

போன வருடத்து அந்த மேடையை எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன் என்பதால் அல்ல.

மூன்றாவது பாட்டு முடிந்தது. என் ஒலிபெருக்கி ஆம்பிலிருந்து ரீங்காரம். மைனர் மைக்கைப் பிடித்து, “எங்க கிட்டார் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. யாராவது கொஞ்சம் வெந்நீர் குடுங்கப்பா” என்றான். அரங்கமே சிரித்தது. முன் வரிசையில் என் மனைவி. அடுத்த வாரம் ஒத்திகைக்கு அழைப்பு வரவில்லை. சுவரொட்டியில் வேறு முகம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே வீட்டில், கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி பேட்டரி மாட்டி வாசித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஆக, குற்றம் என் கையிலும் இல்லை, கிட்டாரிலும் இல்லை. மிச்சம் இருந்தது பெடல்களுக்கு மின்சாரம் தருகிற பவர் சப்ளை. குழு முழுவதற்கும் மைனர் வாங்கி வந்த பெட்டி. நீல விளக்கு எரியும், பெடல் கேபிள்களைச் சொருக எட்டு ஓட்டை. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். எட்டும் ஒரே கம்பியில் கோத்திருந்தன. வெளியே எட்டு வாசல், உள்ளே ஒரே அறை. எதிரொலி தருகிற டிலே பெடலுக்குள் ஒரு குட்டிக் கணினி ஓடுகிறது. அதன் முணுமுணுப்பு அந்தக் கம்பி வழியே டிஸ்டார்ஷன் பெடலுக்குப் போகிறது. அதுவோ எதையும் ஊதிப் பெரிதாக்குவதற்கென்றே பிறந்தது.

ஒரே வாரத்தில் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

அவன் எதற்கு வருவான்?

மார்ச் 7, வெள்ளி

ஒத்திகைக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக நான்கு பக்கம் எழுதினேன். நடை நன்றாக வந்திருந்தது. மனைவி நின்றுகொண்டே படித்தாள்.

“என்னங்க, இதுல பவர் சப்ளை எங்க வருது?”

மூன்றாம் பக்கம் கடைசியில் என்றேன்.

“அதுவரைக்கும் அவரோட ஷூதானா?”

மார்ச் 8, சனி

ஷூவை எடுத்துவிட்டேன். மனமில்லாமல்.

மார்ச் 9, ஞாயிறு

டிரம்மர் சொல்லாமல் கொள்ளாமல் நர்ஸை அழைத்து வந்துவிட்டார். நாற்பதை நெருங்குகிறவள். பெடல் பலகையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

“சார், நீங்க என்னைத் திட்டிக்கிட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். திட்டிக்கிட்டே பாருங்க, பரவாயில்ல. ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி.”

டிரம்மர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சை வளர்க்காமல் எல்லாவற்றுக்கும் பேட்டரி மாட்டினேன். வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள், நிறுத்தினாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷமா என் கைதான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன் சார்.”

கம்பி மாற்றியிருக்கிறாள், கேபிள் மாற்றியிருக்கிறாள். கிட்டாரையே விற்றுவிடலாமா என்று கணவரிடம் கேட்டிருக்கிறாள். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் இருந்தேனே — அதற்கு என்ன பெயர்? மானமா? இத்தனை நாள் மானம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு மனைவி மேசையைத் துடைத்தாள். சுத்தமான இடத்தையும் மறுபடி துடைத்தாள். அவள் இப்படித் துடைக்கும்போதுதான் எனக்குப் பயம்.

மார்ச் 10, திங்கள்

புது சப்ளை தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். இது என் மைதானம். இருபத்திரண்டு வருடமாக மின்சாரம் பாடம் நடத்துகிறவன்.

வோல்ட் கூடினால் ஒலி கூடும் என்று மைனர் கூடத்தில் சொல்லித் திரிகிறான். பொய். ஒன்பது வோல்ட் கேட்கிற பெடலுக்கு ஒன்பதுதான். பதினெட்டு கொடுத்தால் புகைதான் கூடும். மில்லி ஆம்பியர் கதை வேறு. ஓட்டையில் எவ்வளவு அதிகம் இருந்தாலும் பெடல் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். குறைந்தால்தான் தகராறு. அவளுடைய டிலே முந்நூறு கேட்கிறது, நீலப் பெட்டியின் ஓட்டை கொடுப்பதோ நூறு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஓட்டைகள் உள்ளேயும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது ஆறு ஓட்டை, ஆறும் தனி, ஒன்றில் ஐந்நூறு. கரகரப்பு தருகிற பழைய ஃபஸ் பெடலை அவள் பேட்டரியிலேயே ஓட்டிவந்தாள். இனி அதுவும் இதிலேயே என்று போனில் சொன்னேன். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்திருக்கும்.

“சார், அந்த ஃபஸ்ல மட்டும் சொருகுற எடத்துல பிளஸ் நடுவுல போட்டிருக்கு. மத்ததுல எல்லாம் மைனஸ்தான் நடுவுல. பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. அதே பெடல் என்னிடமும் பதினைந்து வருடமாக இருக்கிறது. பேட்டரியிலேயே ஓட்டியதால் அந்தக் குறியை ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியே சொருகியிருந்தால் கருகிப்போயிருக்கும்.

“மருந்து பாட்டில படிச்சுப் படிச்சு வந்த பழக்கம் சார்” என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பிளஸ் மைனஸைத் திருப்பிக் கொடுக்கிற சின்ன கேபிள் ஒன்றையும் பட்டியலில் சேர்த்தேன். பலகைக்கு எழுதும் தாளிலும் ஒரு வரி சேர்ந்தது.

மார்ச் 13, வியாழன்

பெட்டி வந்தது. இருவருமாக மாட்டினோம். ஒவ்வொரு குறியையும் அவள் ஒருமுறை உரக்கப் படித்தாள், நான் ஒருமுறை படித்தேன்.

சத்தமில்லை.

மார்ச் 15, சனி

ஒலிப்பதிவுக்கு நான் போகவில்லை. மதியம் டிரம்மர் போன் செய்தார். முதல் தடவையிலேயே பாட்டு ஓகே. கிட்டார் இவ்வளவு சுத்தமாக வந்தது எப்படி என்று ஒலிப்பதிவாளர் கேட்டிருக்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் மைனர் முந்திக்கொண்டானாம்.

“பொட்டியை மாத்தச் சொன்னதே நான்தான்.”

கோபம் வந்தது. ஏன் வராது? நேரம் தவறாமல் வந்தது. உட்கார்ந்திருந்தது. ஆனால் அவள் நாற்காலி அவளுக்கு நிலைத்துவிட்டது. அடுத்த மாத மேடைக்கும் அவள்தானாம். அதைக் கேட்டபோது கோபத்துக்கு நடுவே இன்னொன்றும் வந்தது. அதற்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நான்கு பக்கம் அரைப் பக்கமாகிவிட்டது. வோல்ட், பிளஸ் மைனஸ், மில்லி ஆம்பியர், தனித்தனி ஓட்டை, சந்தேகம் வந்தால் பேட்டரி மாட்டிப் பார்க்கும் வழி. அவ்வளவுதான். மேடையும் இல்லை, வெந்நீரும் இல்லை.

அந்தக் கூடத்தில் ஏழு குழுக்கள் ஒத்திகை பார்க்கின்றன. மைனர் பேச்சைக் கேட்டு நான்கு குழுக்கள் நீலப் பெட்டி வாங்கியிருக்கின்றன. அங்கே எத்தனை பேர் தங்கள் கையைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்களோ. அடியில் என் பெயர் இருந்தால் பழைய காழ்ப்பு என்று சொல்லி மைனர் கிழித்துப் போடுவான். காழ்ப்பு என்பதில் தப்பும் இல்லை.

மனைவி தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். “பேர் போடலையா?”

“வேண்டாம்.”

காய்ச்சலா என்பது போல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளைக் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் ஒட்டிவிடுவேன். ஒன்று மட்டும் செய்தேன். மைனருக்குக் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும், வீம்புக்குப் போட மாட்டான். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி அச்செடுத்திருக்கிறேன்.