பாஞ்சாலை கேட்ட கண்ணாடி கிளாஸ்

இளமதிக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அங்க பனி கொட்டுதுன்னு சொன்னியே, நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பாத்துகினு இருக்கீங்களா? போன்ல சொன்னா நடுவுல நடுவுல கேள்வி கேப்பே, அதான் உக்காந்து எழுதறேன்.

உன் புஸ்தகத்தோட புது ஆரம்பத்தை அப்பா ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துகினு வந்தாரு. முன்னாடி அனுப்பினது தீண்டாமைக்கு எதிரா எந்தச் சட்டம் எப்ப வந்துச்சுன்னு ஆரம்பிச்சுது, ரெண்டாம் பக்கத்துலயே தூங்கிட்டாரு, உன்கிட்ட சொல்லல. இந்தத் தடவை காய் வாங்கக் கிளம்பினவரு பையைத் தோள்ல மாட்டிகினு நின்னபடியே படிச்சாரு. பாஞ்சாலை அக்கா டீக்கடையில நிக்கறதுலயே ஆரம்பிச்சுட்டே இல்ல, அதான். நம்ம காலனி ஜனங்களுக்குன்னு அந்தக் காலத்துல வெளிய வச்சிருந்த அலுமினிய டம்ளரைத் தொடாம, எல்லாரும் குடிக்கிற கண்ணாடி கிளாஸ்ல குடுன்னு கேக்கறாங்க, கடையே திரும்பிப் பாக்குது, அங்கயே நிறுத்திட்டே. அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம யாரு மூடி வைப்பாங்க?

உயிரோட இருக்கறவங்க, பேரைப் போடறதுக்கு ஒரு வார்த்தை கேக்கணும்னு நீ சொன்னபடி நேத்து முள்ளிப்பட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சந்தோஷமா உக்கார வச்சாங்க. அவங்க பையன் சுதாகர்தான் முகத்தைத் தூக்கி வச்சிகினான். அந்த டீக்கடைக்காரர் பேரன்தான் இப்ப அவனுக்குத் தறிவேலை குடுக்கறவரு. பேர் வெளிய வந்தா பேஜாரு சித்தி, வேணாம்னு சொல்லிடுங்கன்னான். அக்கா, படிச்சாவது காட்டட்டும்டான்னாங்க. நான் படிச்சேன். அவன் காதுல வாங்காத மாதிரி நெய்ஞ்சிகினு இருந்தான், கொஞ்ச நேரத்துல தறிச்சத்தம் நின்னுபோச்சு. நான் முடிச்சுட்டுக் காகிதத்தை மடிச்சேன்.

"அப்புறம் என்னாச்சு சித்தி?"ன்னான்.

உன்கிட்ட சொன்ன அக்கா, பெத்த பிள்ளைகிட்ட இதை ஒருநாளும் சொன்னதில்லையாம். மீதியை அவங்களே சொன்னாங்க. கிளாஸ்ல டீ வந்துச்சாம், குடிச்சாங்களாம், வெளிய வந்ததும் நாலு பேர் மறிச்சு ரோட்டுல தள்ளிவிட்டாங்களாம், மறுநாள் தெருப் பொம்பளைங்களைக் கூட்டிகினு மறுபடியும் போனாங்களாம். பயமா இல்லையாம்மான்னு சுதாகர் கேட்டான். "இருந்துச்சுடா. நீ வயித்துல இருந்தே"ன்னாங்க. பஸ் ஏத்திவிட வந்தவன், நான் படியில கால் வச்ச பிறகுதான் சொன்னான், "பேர் அப்படியே இருக்கட்டும் சித்தி. அவர் வேலை குடுக்கலன்னா வேற ஆள்கிட்ட வாங்கி நெய்யறேன்."

அதனால ஆரம்பத்துல கை வைக்காதே. சட்டமெல்லாம் பின்னாடி வரட்டும், அதுக்குள்ள படிக்கறவங்க உன் கூட வந்துடுவாங்க. கண்ணு முழிச்சு எழுதாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்க ரெண்டு பேரும் ஒரு நோவும் இல்லாம நல்லா வாழணும். புஸ்தகம் வந்ததும் மொத பிரதி தனக்கு வேணும்னு சுதாகர் சொல்லியிருக்கான், மறந்துடாதே.

உன் அம்மா,
சூர்யகலா,
ஆரணி.