அண்ணன் வேண்டாமென்ற வீடுகள்

மச்சாள், நேற்றுப் பின்னேரம் ஒரு பெண் என் படலையடியில் நின்று, "இந்த வீடு வாடகைக்கு இருக்குதோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, குசினி முதல் கிணற்றடி வரை காட்டி, தேநீரும் கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஊர் பார்க்கப் போனால் மற்றவர்கள் கோயிலையும் கடற்கரையையும் பார்ப்பார்கள். நீங்கள் வாடகை வீடு பார்ப்பீர்கள். ஓர்ஸ் ஹில்லில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, கலியாணத்துக்குப் போன ஊரில்கூட நாலு படலையைத் தட்டாமல் வரமாட்டீர்கள். வீடு கேட்டு வந்தவளிடம் ஆட்கள் எதையும் ஒளிக்கமாட்டார்கள் என்பது உங்கள் எண்ணம். எல்லாம் பார்த்து முடிந்ததும், "இவரிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்று கிளம்பிவிடுவீர்கள். தான் எத்தனை வீடுகளை வேண்டாமென்று சொன்னவர் என்பது பாவம், அண்ணனுக்கே தெரியாது.

எனக்கு மூதூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தது ஓர் ஆவணி மாதம். தாதி வேலையையே விட்டுவிடுவதாக இருந்தேன். அம்மா போன பிறகு உங்கள் வீட்டு மூலை அறைதான் எனக்கு எல்லாம். அதை விட்டுப் போனால் திரும்பி வர இடம் இருக்குமோ என்ற பயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. "வா, ஊரைப் பாத்துப்போட்டு வேலைய விடு" என்று ஸ்கூட்டியை எடுத்தீர்கள்.

கிண்ணியாப் பாலத்தில் கச்சான் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. கிண்ணியாவில் ஒரு வீடு பார்த்தீர்கள்; விறாந்தையில் ஆடு படுத்திருந்ததால் பிடிக்கவில்லை. பிறகு, அறுத்துக் கிடந்த வயல்வெளியோரம் வத்தகப்பழம் வாங்கித் தின்ன நின்றோம். அங்கே கேட்டுவிட்டேன்.

"மச்சாள், என்னை வீட்டால அனுப்பத்தானே இவ்வளவு பாடுபடுறீங்கள்?"

நீங்கள் கோபிக்கவில்லை. வாயிலிருந்த விதைகளைத் துப்பிவிட்டுச் சொன்னீர்கள்: "விசரி. உன்ர அறை அப்பிடியே கிடக்கும். போய்ப் பார். ஏலாட்டி வா. ஏன் வந்தனி எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

மூதூரில் உச்சி வெயிலில் ஒரு வேப்பமரத்து வீட்டுப் படலையைத் தட்டினீர்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்த வீட்டுக்கார அம்மா, "வாங்க புள்ள, முதல்ல கிணத்தப் பாருங்க. உப்பே இல்ல" என்று ஒரு வாளி அள்ளிக் காட்டினார். நீங்கள் சுவரைத் தட்டினீர்கள், கூரையை அண்ணாந்து பார்த்தீர்கள், அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் கறந்தீர்கள். நான் தாதி என்று தெரிந்ததும் அவர், "அப்ப எனக்கு பிரஷர் பாக்க ஆள் கிடைச்சிட்டு" என்று என் கையைப் பிடித்தார். பிடித்த கையை அவர் விடவேயில்லை.

"இவரிட்டக் கேட்டு..." என்று நீங்கள் தொடங்க, நான் குறுக்கே, "நான் எடுக்கிறன்" என்றேன்.

திரும்பி வந்த வழியெல்லாம், குசினிக்கு வெளிச்சம் காணாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள்.

முதல் மாதம் ஒவ்வொரு பின்னேரமும் பையை அடுக்கினேன். போகலாம்தானே, நாளைக்குப் போவோம் என்று திரும்பக் கலைத்து வைத்தேன். அப்படியே வருசங்கள் ஓடி, அந்த வீட்டையே வாங்கியும்விட்டேன். மாதத்தில் ஒருநாள் உங்களிடம் வந்தால் என் அறை துப்புரவாக இருக்கும். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

நீங்கள் கண்மூடி எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவு முடிந்த அன்று அண்ணன் சொன்னார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க அந்த அறையைக் கேட்டு உங்கள் மகன் சண்டை பிடித்தானாம். நீங்கள் அசையவில்லையாம். "அது அவளின்ர. அவள் எப்பவும் வரலாம்" என்று சொல்லி, பெற்ற பிள்ளையின் மேசையை விறாந்தையில் போட்டுவிட்டீர்களாம். மச்சாள், ஒருநாளாவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா?

போன கிழமை வந்து, அவனும் நானுமாக அந்த மேசையைத் தூக்கி அறைக்குள் வைத்தோம். என் உடுப்புகளை மூதூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். நெஞ்சு கனக்கும் என்று நினைத்தேன், கனக்கவில்லை. அடுத்த மாதம் ஆறு மாதப் பயிற்சிக்கு மட்டக்களப்புக்குப் போகிறேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. தங்க இடமும் இன்னும் பார்க்கவில்லை. நித்திரை நன்றாக வருகிறது.