அம்மாவின் செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

ஆற்றங்கரைத் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
ஆகஸ்டு 1953

சேசு மரி சூசை துணை.

அன்பு மிகுந்த பெர்னாட் அண்ணனுக்குத் தங்கை மாடில்டா எழுதுவது. இங்கே நானும் என் பிள்ளை காப்ரியலும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் மாதாவின் நிழலில் குறைவில்லாமல் இருக்க மன்றாடுகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள் என்பதால், நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறும் உடையப்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் செடிகள் எப்படி இருக்கின்றன, காகிதப்பூ லயத்துக் கூரையைத் தொட்டுவிட்டதா, ஒவ்வொன்றாக எழுது என்று கேட்டிருந்தீர்கள். யூனியன் விவகாரத்தில் உங்களைப் பிடித்து நாடு கடத்தி நாலு வருஷமாகிறது. போகும்போது பார்த்த வாசலையே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் ‘அம்மா சுகம்’ என்று எழுதியே காலத்தைத் தள்ளிவிட்டேன். இனி அப்படி முடியாது. அம்மா உங்களிடம் வரப்போகிறாள். அதற்கு முன்னால் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் இருந்த பழைய லயம், அந்த வரிசை வீடுகள், இப்போது இல்லை. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுக்கிறோமாம். அதனால் ஆற்றுப் பக்கத்து லயங்களைக் காலி செய்து, எல்லாரையும் ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். லோரி வந்து நின்றபோது மற்றவர்கள் சட்டி பானை ஏற்றினார்கள். அம்மா மண்வெட்டியும் கையுமாகச் செடிக்கடியில் உட்கார்ந்திருந்தாள். லோரி ஆளுக்கா, மரத்துக்கா லா என்று வேலை வாங்குகிற மண்டோர் நல்லசாமி சத்தம் போட்டார். அம்மா ஏற்றின கட்டிலை இறக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் செம்பருத்தியையும் அரளியையும் கல்வாழைக் கிழங்கையும் ஏற்றினாள்.

அவளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காசித்தும்பை, செண்டுப்பூ என்று யாராவது விதை கொடுத்தால் வாங்க மாட்டாள். “மூணு மாசத்தில் சாகிறதை நான் ஏன் வளர்க்கணும்? நான் நட்டதை என் பேரப்பிள்ளை பறிக்கணும்” என்பாள். கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டும், வருஷக்கணக்கில் நிற்கவும் வேண்டும். அப்படிப்பட்ட செடிக்குத்தான் அவள் வாசலில் இடம்.

புது இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது வேலியோரத்துக் கடைசி வீடு. செடிகள் வேர் பிடித்து இடுப்பளவு வந்து, முதல் மொட்டு விட்ட வாரம் உத்தரவு வந்தது. வேலிப் பக்கம் முழங்காலுக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது, ஆள் மறைந்துகொள்வான் என்று. வெட்ட வந்தவர்களில் என் வீட்டுக்காரர், உங்கள் மச்சானும் ஒருவர். ஆமாம், அவர் பால் வெட்டை விட்டுவிட்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்துவிட்டார். நாடு கடத்தப்பட்டவன் குடும்பம் என்று நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், கையில் துப்பாக்கி இருந்தால் வீட்டுக்கு நல்லது என்றார். சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. அவளுக்குப் புல் வெட்டு வேலை பழைய லயத்துப் பக்கம். தோண்டி எடுக்காமல் விட்டுவந்த வேர்களெல்லாம் அங்கே மறுபடி துளிர்த்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவற்றுக்கு ஊற்ற மீன் கழுவிய தண்ணீரையும் பானை கழுவிய தண்ணீரையும் ஒரு டின்னில் ஊற்றிக் கொண்டுபோக ஆரம்பித்தாள். காலையில் வேலிக் கேட்டில் எல்லாரையும் சோதிப்பார்கள். ஒரு வாய்ச் சோறுகூட வெளியே போகக்கூடாது. வேண்டாம் அத்தை என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன். “இதுவா சோறு? நாத்தத் தண்ணி. நாய்கூட மோந்து பார்க்காது” என்றாள்.

ஒரு நாள் கேட்டில் புதிதாக வந்த வெள்ளைக்கார சார்ஜண்டு நின்றிருந்தான். சோதனை போட்டது என் வீட்டுக்காரர். டின்னைத் திறந்து தரையில் கவிழ்த்தார். அடியில் பானையிலிருந்து சுரண்டிய காந்தல் சோறு ஒரு கை அளவு கிடந்தது. வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற லெட்சுமி சொன்னாள், அம்மா சிரித்தாளாம். மருமகன் விளையாடுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ.

ஆறு மாதம் ஜெயில் போட்டார்கள். கோர்ட்டில் சாட்சி சொன்னதும் அவர்தான். பூச்செடிக்கு என்று அம்மா சொன்னதற்கு அங்கே சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன், அது செடிக்குத்தான் என்று நீங்கள் சொன்னீர்களா என்று. யாரும் கேட்கவில்லை என்றார். பிறகு என்னதான் கேட்டார்கள் என்றேன். இவளுக்கு நாடு கடத்தப்பட்ட மகன் உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றேன் என்று சொல்லிவிட்டு பூட்ஸைக் கழற்றப் போய்விட்டார். உங்கள் பேரும் அவர் வாயும் சேர்ந்துதான் அவளை உள்ளே வைத்தன, அண்ணா. யாரை அதிகமாக வெறுப்பது என்று சில நாள் எனக்கே தெரிவதில்லை.

அம்மா திரும்பி வருவதற்குள் பழைய லயத்துப் பக்கம் மருந்தடித்துப் பொசுக்கி ரப்பர்க் கன்று நட்டுவிட்டார்கள். வந்தவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வீட்டில் இருந்தால் புறவாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர் தின்று எழுந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள்.

அந்தச் சமயம் பெரிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. கேட்டைப் பூவால் அழகு பண்ண வேண்டும் என்று தோட்டத்துத் துரையின் மனைவி துரைசானிக்கு ஆசை. இவரைக் கூப்பிட்டு, உன் மாமியார் செடி வைப்பதில் கெட்டிக்காரியாமே, கூட்டி வா என்றிருக்கிறாள். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார். பல மாதம் கழித்து முதல் தடவையாக அம்மா முன்னால் போய் நின்று “அத்தை” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “நான் போகலேன்னா இவனுக்கு வேலை போயிடுமா?” என்று கேட்டாள். நான் அடுப்பை ஊதப் போய்விட்டேன். மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எந்தச் செடி வேண்டுமானாலும் கோலாலம்பூரிலிருந்து வாங்கித் தருகிறேன் என்றாள் துரைசானி. அம்மா கேட்டது காசித்தும்பை விதையும் செண்டுப்பூ விதையும். அதிகாரி வந்த அன்று கேட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது. போட்டோ எடுத்தார்கள். துரைசானி அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கொஞ்ச நாளில் எல்லாம் காய்ந்து சருகானது. ஏன் இப்படி ஆயிற்று என்று துரைசானி ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியை விட்டுக் கேட்கச் சொன்னாள். “இந்தக் கேட்டுக்கு இது போதும்னு சொல்லுங்க” என்றாள் அம்மா. கிராணி வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தாராம்.

அன்று சாயங்காலம்தான் அம்மா, “எனக்குப் பெர்னாட்டிடம் போகணும்” என்றாள். போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று சொன்னேன். தெரியும் என்றாள். பேரனை விட்டுவிட்டு எப்படி இருப்பாய் என்று அழுதேன். “உனக்கு உன் புருஷனும் வேணும். அவனை விட்டுட்டு வாடின்னு என் வாய் சொல்றதுக்கு முந்தி நான் போயிடறேன்” என்றாள். மறுநாள் நானே அவளைக் கோயில் சாமியாரிடம் கூட்டிப்போனேன்.

சாமியார் காகிதமெல்லாம் எழுதி ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்த மாதக் கப்பல். துறைமுகத்துக்கு நீங்களே வாருங்கள், ஆளை அனுப்ப வேண்டாம். அவள் கையில் இருக்கும் பையை அவளாகக் கொடுக்கும்வரை யாரும் வாங்கக்கூடாது. யாராவது தொட்டால் நடுங்கிப்போகிறாள். பசியில்லை என்பாள், நம்பாதீர்கள். செடி பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். அங்கே மண் நல்ல மண் என்றும் சொல்ல வேண்டாம்.

மச்சான் உங்களுக்குத் தோத்திரம் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அவள் வந்து சேர்ந்தாள் என்று ஒரு வரி போடுங்கள், போதும். நீயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அண்ணா. எழுதினால் நான் வந்துவிடுவேன்.

மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
மாடில்டா