மலைக்குப் போகும் இடது காது

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே குறுக்கு விசாரணையை ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருந்துதான் ஆகவேண்டும். பயப்படாதே, கெட்ட செய்தி இல்லை. உன்னிடம் ரொம்ப நாளாக ஒன்றை மறைத்து வைத்திருந்தேன், அதைச் சொல்லிவிடலாம் என்றுதான்.

பள்ளிப் பிள்ளைகள் பதினாறு பேரோடு வெளிநாட்டுக் காட்டுக்கும் மலைக்கும் பத்து நாள் போகிறோம் என்று சொன்னேன் அல்லவா, அடுத்த மாதம் மூன்றாம் தேதி கிளம்புகிறோம். இருபத்தாறு வருஷமாக மிருகங்களைச் சார்ட்டில் காட்டியே காலம் தள்ளிய உயிரியல் வாத்தியார் நான், இப்போதுதான் நேரில் பார்க்கப் போகிறேன். மலையேறும் பூட்ஸைக் காலுக்குப் பழக்க வேண்டுமாம், அதனால் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறேன், துடைத்த தரை பாழாகிறது என்று அம்மா என்னைக் கரித்துக் கொட்டுகிறாள். முதுகுப் பையில் மூன்று அகராதிகளை அடைத்துக்கொண்டு தினமும் காலையில் நாலு மாடி ஏறி இறங்குகிறேன். வாட்ச்மேன் மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள், "என்ன சார், வீட்ல எதாவது பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகு எனக்கு இடது காது அறவே கேட்பதில்லை. டாக்டரிடம் தனியாகப் போய்ப் பார்த்தேன், நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். வலது காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. போனைத் தவறி இடது பக்கம் வைத்துவிட்டு உன் சிக்னல்தான் சரியில்லை என்று சாதித்தேன், நீயும் பாவம் புதுப் போன் வாங்கினாய். பயணத்துக்கான உடல்நல விவரப் படிவத்தில் எல்லாக் குறையையும் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று பெற்றோர்களைப் பிடித்து உலுக்கியது நான்தான். மகளுக்கு இருக்கும் வீசிங்கை எழுதாமல் விட்ட ஒரு தகப்பனாரை நிற்கவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். என் படிவத்தில் மட்டும் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

போன சனிக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள குன்றில் ஒத்திகை நடை. நான் கடைசியில் வருகிறேன், எனக்கு முன்னால் வகுப்பே ரெட்டைவால் என்று கூப்பிடும் ஒரு பெண். அவளுக்கு ஒரு நொடி ஒரு இடத்தில் நிற்க முடியாது. ஒரு வளைவில் அவள் கண்ணுக்கு மறைந்தாள், அடுத்த நிமிஷம் "சார், சார்" என்று அலறல். வலது பக்க மேட்டில் விழுந்தடித்து ஏறினேன், புதர் புதராக விலக்கித் தேடினேன், அலறல் நிற்கவில்லை, ஆளையும் காணோம். அவள் கிடந்தது இடது பக்கப் பள்ளத்தில். தானே ஏறி வந்துவிட்டாள், முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. "நான் இங்கேர்ந்து கத்தறேன், நீங்க எங்க சார் போனீங்க?" என்றாள். இறங்க வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கப் போனதாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை நம்பிவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கே காட்டில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தலைமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, என் பெயரை அடித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு என் முன்னாலேயே அந்த நாட்டு வழிகாட்டிக்குப் போன் போட்டார். காட்டில் யாருமே சத்தம் போடக்கூடாது, எல்லாம் கைச்சாடைதான், ஒற்றைக் காதுக்காரர்கள் எத்தனையோ பேரை அழைத்துப் போயிருக்கிறேன், கடைசியில் மட்டும் அவரை விடாதீர்கள், நடுவில் நடக்கட்டும், தெரியாமல் இருந்திருந்தால்தான் ஆபத்து என்று வழிகாட்டி சொன்னாராம். கடைசியில் வர விளையாட்டு டீச்சர் ஒப்புக்கொண்டார். "போய் புதுப் படிவம் எழுதுங்க சார், இந்தத் தடவை ஒழுங்கா" என்றார் தலைமை ஆசிரியை. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். என் இடது பக்கம் நடக்கும் வேலையை ரெட்டைவால் தானாகவே எடுத்துக்கொண்டாள், பை வாரை ஒரு இழுப்பு இழுத்தால் இடது, இரண்டு இழுத்தால் வலது. மதிய இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி ஒத்திகை, வார் பிய்ந்துவிடும் போலிருக்கிறது. அம்மாவிடம் சொன்னதற்கு, "நான் சொல்றத வேணும்னே காதுல வாங்கலைன்னுல்ல நெனச்சேன், எத்தன சண்டை வீணாப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது சிட்டு, நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன வருஷம் நீ ஊரைவிட்டுக் கிளம்பும்போது, இவ்வளவு தூரம் போகிறாயே என்று நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்குப் போகும்முன் நீ "அப்பா" என்று கூப்பிட்டாய், நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்பா கடைசிவரைக்கும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நீ அம்மாவிடம் அழுதது எனக்குத் தெரியும். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம், காதின் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக உன்னை அப்படியே நம்ப விட்டுவிட்டேன், அது பெரிய தப்பு. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது சிட்டு. அத்தனை கூட்டத்திலும் உன் குரல்தான் என்று தெரிந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற ஒவ்வொரு முகமாக உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன், திரும்பியபோது கதவு மூடியிருந்தது.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். மலையில் பத்து நாளும் என் போன் கிடைக்காது, பதறாதே, அந்த நாட்களில் அம்மாவிடம் மறக்காமல் தினமும் பேசு.

அந்த மூன்று நாள் தவிர
உன்மேல் கோபமே படாத,
அப்பா