தண்ணீர்த் தொட்டி அறையைத் திறந்து வைப்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டி

அனுப்புநர்
லிப்ட் தாத்தா,
ஓய்வுபெற்ற லிப்ட் ஓட்டுநர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, மாடி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மன்ற உறுப்பினர் ஊதியப் பரிந்துரைக் குழு,
நகர மன்ற அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் வழங்கக் கோருதல் – அதற்கு எதிராக நான் முன்பு வைத்த கைநாட்டைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: பொதுமக்கள் கருத்துக் கேட்டுத் தங்கள் அலுவலக வாசலில் ஒட்டியுள்ள அறிவிப்பு. (நானே நின்று படித்தேன்.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் ஒரு மாலைக்கு ஒரு பத்திதான் முடிகிறது. மை பாதியில் நிறம் மாறியிருந்தால் அதற்கு அதுவே காரணம். இடையில் வேறு யாரோ எழுதிச் சேர்த்ததாகத் தாங்கள் கருத வேண்டாம். தங்கள் குழுவின் பெயரில் ‘ஊதியம்’ என்ற சொல்லை எழுத நேர்ந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ‘ஊ’ தலையில் மூட்டையுடன் நடப்பவரைப் போல இருப்பதால் எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

1. நான் தங்கள் அலுவலகக் கட்டடத்தில்தான் லிப்ட் ஓட்டினேன். கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து ‘எந்த மாடி?’ என்று கேட்டவன் நானே. தாங்களும் என்னுடன் ஏறியிருக்கக்கூடும். பகல் முழுக்க மேலும் கீழும் போனேன், ஒரு இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வந்துவிடும். அதை வைத்தே குடும்பம் நடந்தது, மகன் படித்தான். இப்போது மகன் தொலைவில் வேலையில் இருக்கிறான். மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் நானும் ஒரு வானொலிப் பெட்டியும் இருக்கிறோம். அது பேசும், நான் பேசுவதைக் கேட்காது.

2. எங்கள் பகுதித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மன்றத்துக்குச் சொந்தமான அறை ஒன்று உள்ளது. உறுப்பினர் உட்கார்ந்து மக்கள் குறை கேட்பதற்கென்று கட்டியது. முந்தைய உறுப்பினர் பெரிய கட்டட ஒப்பந்ததாரர். கூட்டப் படிக்காசு எதுவும் வேண்டாம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர். அவர் காலத்தில் அந்த அறையில் அவருடைய சிமெண்டு மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. குறையை மூட்டைகளிடம் சொல்ல முடியாததால் நாங்கள் யாரும் போகவில்லை.

3. சென்ற தேர்தலில் இப்போதைய உறுப்பினர் அம்மா வந்தார். மருந்துக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். வயது என் மகனைவிடக் குறைவு. வந்த வாரமே மூட்டைகளை வெளியேற்றி, அறையைக் கழுவி, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டார். பகலில் வார்டு சுற்றுவார். பொழுது சாய்ந்ததும் அறையைத் திறப்பார். குழல்விளக்கு நாலு முறை கண்ணடித்துவிட்டு எரியும். அது என் சன்னலில் தெரியும். தெரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

4. என் முதல் புகார் தெருவிளக்கு எரியாதது பற்றி. அது உண்மையான புகார். உடனே சரி செய்தார்கள். அதன் பிறகு அங்கே போக எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. ஆகவே, நாய் இரவெல்லாம் குரைக்கிறது என்று ஒரு புகார் சொன்னேன். அடுத்த வாரம், அந்த நாய் இப்போது குரைப்பதே இல்லை, அதன் உடம்புக்கு என்னவென்று விசாரிக்க வேண்டும் என்று இன்னொன்று சொன்னேன். கீழ் வீட்டுத் தையல்காரர் மனைவி என்னைக் கண்டாலே, “என்ன தாத்தா, இன்னிக்கு எந்த வழக்கு? நாயா, பூனையா?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னைப் பார்த்து ஆட்கள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது, ஐயா.

5. என் புகார்களை எழுதி எழுதி உறுப்பினர் அம்மா ஒருநாள் பேனாவை மூடி வைத்தார். “தாத்தா, உங்க தெருவுல இனிமே கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்ல. புகார் இல்லாமலே வந்து உக்காருங்க. நாற்காலி என்ன தேய்ஞ்சா போயிடும்?” என்றார். அது முறையாகாது என்றேன். லிப்டில் ஏறியவரிடம் எந்த மாடி என்று கேட்டே பழகியவன் நான். எந்த மாடியும் இல்லாமல் ஏறி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. “அப்போ இனிமே நீங்களே எழுதிட்டு வாங்க, எனக்குக் கை வலிக்குது” என்றார். எழுதத் தெரியாதே என்றேன். அவர் மேசையின் இழுப்பறையிலிருந்து புதுப் பேனா ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். அன்று தொடங்கியது. கூட்டம் குறைந்த நேரத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் முதலில் எழுதுவது தங்கள் பெயரையாம். நான் முதலில் எழுதிய வார்த்தை ‘அனுப்புநர்’.

6. இதனால் ஒரு குறை ஏற்பட்டது. எனக்கு மனு மட்டுமே எழுத வருகிறது. என் மகனுக்கு முதல் கடிதம் எழுதியபோதும் அனுப்புநர், பெறுநர் போட்டு, ‘பொருள்: வீட்டுக்கு வராதது தொடர்பாக’ என்று எழுதி, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி அனுப்பிவிட்டேன். மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். “என்னப்பா, எனக்கே மனு போட்டிருக்கீங்க! ஐயாவாம், மதிப்பிற்குரியவனாம்!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், “நீங்களாப்பா எழுதினீங்க?” என்று கேட்டான். லீவு கிடைத்ததும் வருவதாகச் சொன்னான். அந்த மனு இன்னும் நிலுவையில் உள்ளது.

7. இப்போது கைநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் தரலாமா என்று தாங்கள் கருத்துக் கேட்டதும், எங்கள் தெரு இரும்புக்கடைக்காரர் வீடு வீடாக ஒரு மனுவுடன் வந்தார். “தாத்தா, அரசியல்வாதிங்களுக்குச் சம்பளம் ஏத்தப் போறாங்களாம். நம்ம வரிப்பணம்! கூடாதுன்னு ஒரு அழுத்து அழுத்துங்க” என்றார். அப்போதே எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் அவர் மைப்பெட்டியைத் திறந்தே நீட்டிவிட்டார். நீட்டிய பெட்டியை மறுப்பது மரியாதையாகாது என்று கட்டைவிரலை வைத்துவிட்டேன். மனம் ஒப்பியே வைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அரசியல்வாதி என்றதும் எனக்குக் கண் முன்னால் வந்தது கண்ணாடி ஏற்றிய காரும் பின்னால் ஓடும் பத்துப் பேரும்தான். உறுப்பினர் அம்மாவும் ஒரு அரசியல்வாதி என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஐயா. அவரைத் தொட்டி அறையில் இருப்பவர் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

8. தங்கள் மன்றத்தில் உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு வந்து கையொப்பமிட்டால் மட்டும் படிக்காசு உண்டு. மற்றபடி ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மருந்துக் கடை வேலையை அவர் தேர்தலோடு விட்டுவிட்டார். கையிருப்பு தீரும்வரை அறையைத் திறந்து வைத்தார். சம்பளப் பேச்சுக்கு எதிர்ப்பு வலுக்கிறது, கோப்பு தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்ட வாரம், பொட்டலம் பிரித்து அடுக்கும் கிடங்கு ஒன்றில் மாலை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அறை பூட்டிக் கிடக்கிறது. நான் பழக்கத்தில் சன்னலைப் பார்க்கிறேன். சில நாள் சட்டையைக்கூட மாட்டிவிடுகிறேன்.

9. இரும்புக்கடைக்காரரைக் குறை சொல்ல நான் இந்த மனுவை எழுதவில்லை. நல்ல மனிதர். அடுத்த முறை தானே நிற்கப் போவதாகவும், “ஒத்தப் பைசா வாங்க மாட்டேன், சேவைன்னா சேவைதான்” என்றும் சொல்கிறார். அப்படியானால் தொட்டி அறையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். “அறை எதுக்கு தாத்தா? எங்கிட்ட வரணும்னா கடைக்கு வரட்டும்” என்றார். சரி என்று நானும் சில மாலைகள் கடைக்குப் போனேன். அங்கே நாற்காலி இல்லை. வியாபார நேரத்தில் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆணி வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது வீட்டில் ஆணி நிறைய இருக்கிறது. மாட்டுவதற்கு என் மனைவியின் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் ஏற்கெனவே மாட்டியாயிற்று.

10. ஆகவே தங்களுக்கு ஒன்று தெரிவிக்கிறேன். சம்பளம் இல்லை என்றால் கடை உள்ளவரும் ஒப்பந்தத் தொழில் உள்ளவரும் மட்டுமே உறுப்பினராக முடியும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு மாலையில் வேறு வேலை இருக்கிறது. அதே சமயம் அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் ஆபத்து. சம்பளத்துக்காகவே ஆள் வருவார்கள், வந்தவர்கள் மேல்மாடியை விட்டு இறங்க மாட்டார்கள். மேலே போனவர்கள் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் கதவோரம் காத்திருந்து பார்த்தவன் நான். சரியான தொகை எது என்று எனக்குத் தெரியவில்லை. பல மாலைகள் யோசித்தேன். என் சிற்றறிவுக்கு எட்டியது: நான் ஓய்வு பெறும்போது வாங்கிய சம்பளத்தை இன்றைய விலைவாசிக்கு உயர்த்திக் கொடுத்தால் போதும். சும்மா மேலும் கீழும் போனவனுக்குக் கொடுத்ததை, தெருத்தெருவாக நடப்பவருக்குக் கொடுப்பதில் தவறு இருக்காது. அதை வாங்குகிறவர் மாலையில் அறையைத் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடுங்கள். திறக்காத மாதம் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

11. (இங்கிருந்து கறுப்பு மை.) நேற்று உறுப்பினர் அம்மா கிடங்குக்குப் போகும் வழியில் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். சீருடையில் இருந்ததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. மேசையில் இந்தத் தாளைப் பார்த்துவிட்டார். “தாத்தா, எனக்காக எழுதாதீங்க. நானே சொல்லி எழுத வச்சேன்னு பேசுவாங்க” என்றார். உங்களுக்காக இல்லையம்மா, அறைக்காக எழுதுகிறேன் என்றேன். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். ‘பரிந்துரை’யில் ஒரு எழுத்தைத் திருத்தினார். அந்த ஒரு திருத்தம் மட்டும் அவருடையது; மற்ற பிழைகள் எல்லாம் என்னுடையவை. “இந்த மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன் தாத்தா. அதுக்கப்புறம் எழுதிக் குடுத்துட்டு விலகிக்கிறேன். பாதி உறுப்பினரா இருக்க எனக்கு வெக்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நேரமாகிவிட்டது என்று இரண்டிரண்டு படியாக இறங்கினார். அறைச் சாவியை என்னிடம் கொடுக்கவா என்று கீழிருந்து கேட்டார். வேண்டாம் என்றேன். சாவி யாரிடமும் இருக்கலாம், ஐயா. நான் மட்டும் போய்த் திறந்து உட்கார்ந்தால் அதுவும் என் வீடு மாதிரிதான் இருக்கும்.

12. என் கைநாட்டைத் திரும்பப் பெறுவதற்காகத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். மூன்றாம் மாடிக்குப் படியேறியே வந்தேன். இப்போதைய லிப்டில் ஓட்டுநர் இல்லை. என்னிடம் எந்த மாடி என்று கேட்க ஆள் இல்லாததால் ஏற மனம் வரவில்லை. எழுத்தர் தம்பி, “குடுத்தது குடுத்ததுதான் பெரியவரே. வேணும்னா புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க, ரெண்டும் கட்டுல கிடக்கும்” என்றார். இரண்டும் ஒரே கட்டில் கிடக்கும்போது எது என் கருத்து என்று தாங்கள் குழம்பக்கூடாது. விரல் வைத்தபோது நான் யாருக்கு எதிராக வைக்கிறேன் என்று யோசிக்கவில்லை. இதை யோசித்து எழுதியிருக்கிறேன். இதையே என் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எனவே, தாங்கள் கருணை கூர்ந்து, மாதக் கடைசிக்குள் சம்பளப் பரிந்துரையை மன்றத்துக்கு அனுப்பி, தண்ணீர்த் தொட்டி அறை மீண்டும் திறக்க வழி செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சம்மதம் என்றால் எனக்குப் பதில் எழுதும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். அறையில் விளக்கு எரிவது என் சன்னலில் தெரிந்துவிடும். மறுப்பதாக இருந்தால் மட்டும் எழுத்தில் மறுக்க வேண்டுகிறேன். இதுவரை எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுங்கள். ஒரு மாலைக்கு ஒரு பத்தியாக நிதானமாகப் படித்துக்கொள்வேன். எனக்கு வேறு வேலை இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

லிப்ட் தாத்தா
(கையெழுத்து. கைநாட்டு அல்ல.)

இடம்: வீட்டு மாடி, சன்னல் ஓரம்.
நாள்: கருத்துத் தெரிவிக்கத் தாங்கள் விதித்த கடைசி நாளுக்கு முந்தின நாள், மாலை.