நாடக முரடன்

மார்ச் 3
அக்கா மகள் வாலுவுக்குப் பரீட்சைக்கு ஒரு பழைய அவல நாடகம். ராஜா தன் திமிராலேயே அழிந்து, கூட இருப்பவர்களையும் சாகடித்து, திரை விழுகிற வகை. அந்த ராஜாவாக ஊர் ஊராக நடித்தவன் நான் என்றேன். (ஒரு தடவை திரை இழுத்தேன். அதுவும் நடிப்பில் சேர்த்திதான்.) ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். தனிமொழி என்றால் ஆள் இல்லாத மேடையில் ராஜா புலம்புவது. பக்கமொழி என்றால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காத பாவனையில் சபைக்கு மட்டும் சொல்வது. இரண்டையும் நடித்தே காட்டினேன். 'நாடக முரண்' என்று ஒன்று இருந்தது. அச்சுப் பிழை, 'நாடக முரடன்' என்று இருக்க வேண்டும், வில்லனைச் சொல்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன்.

தொண்டைக் கரகரப்பு போகவில்லை. சிங்கத்துக்கும் சளி பிடிக்கும்.

மார்ச் 7
டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டைக்குள்ளிருந்து துளி சதை கிள்ளி எடுத்தார். இப்படி ஒரு குரல்வளையை அவர் பார்த்ததே இல்லையாம் என்று எதிர்வீட்டுக்காரரிடம் அளந்தேன். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: ரிசல்ட் வாங்க வீட்டு ஆள் யாரையாவது அனுப்பச் சொன்னார். அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 12
ரிசல்ட் வாங்க அத்தான் மட்டும் போனார். "ஒண்ணுமில்ல மாப்ள, சின்னப் புண்ணு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்விட்டார். சாயங்காலம் மறுபடி டீ கேட்டேன். எதற்கெடுத்தாலும் 'வெளங்காதவனே' என்று திட்டுகிற அக்கா, திட்டாமல் போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக.

மார்ச் 13
இன்றும் திட்டவில்லை.

மார்ச் 15
வாலு புத்தகத்தோடு வந்தாள். "மாமா, அது முரடன் இல்ல. முரண்தான். டீச்சர் சொன்னாங்க."

அப்படியென்றால் என்னவென்று கேட்டேன்.

"பார்க்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். மேடையில நிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது..."

பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனவள் திரும்பி வரவேயில்லை.

மார்ச் 16
நான் கூடத்துக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பக்கமொழி. எல்லாரும் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் நான் ஒருத்தன். என்னடா தெரியும் இவங்களுக்கு? கேட்டுடலாமா? கேட்டா சொல்லிடுவாங்களே...

மார்ச் 18
கேட்கவில்லை. என் பழைய தொழிலையே செய்தேன். அத்தானிடம் சாவகாசமாக, டாக்டர் போனில் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டார் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

அத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டாரா? குரல் போனா போகட்டும் மாப்ள. குரல்வளைய எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லன்னாரே, அதப் புடிச்சுக்க."

தலையாட்டினேன். எனக்கு முன்பே தெரிந்த மாதிரி. நான் நடித்த ஒரே வேஷம் இதுதான்.

மார்ச் 23
நாளைக்கு ஆபரேஷன். வாலு ராஜாவின் கடைசித் தனிமொழியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கரகரத்தது. ராஜாவுக்கு அதுதான் பொருத்தம் என்றாள். பயமாயிருக்கு. இவ்வளவு நாள் இந்தக் குரலில் ஒரு உண்மையாவது பேசியிருக்கேனா?

ஏப்ரல் 4
கழுத்தில் துளை. பேச்செல்லாம் சிலேட்டில்தான். பரீட்சையில் முரண் வந்ததா என்று வாலுவுக்கு எழுதிக் காட்டினேன்.

"வந்துச்சு மாமா. முரடன்னு எழுதல."

நர்ஸுக்கு நான் ஏழு ஊரில் ராஜாவாக நடித்த கதையை எழுதினேன். நம்பிவிட்டாள். எட்டாவது ஊரை ஆரம்பிக்கும்போது அக்கா வந்து பல்பத்தைப் பிடுங்கினாள்.

"வாயிருந்தப்பதான் அளந்தே. இப்ப கையாலயுமா? பேசாம படுடா, வெளங்காதவனே."

திட்டிவிட்டாள். நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.