இடப்பக்கத்துப் பலகை

ஒக்டோபர் 14, செவ்வாய்

இல்லை, அது பிழை இல்லை என்றுதான் நானும் எழுதி வைத்தேன். எங்கள் தோணிகள் எல்லாம் வலப்பக்கம் கொஞ்சம் சரியும். இடப்பக்கம் ஒரு பெருவிரல் அகலம் பருமன், தண்ணீர் அந்தப் பக்கத்தைக் கூடத் தூக்கும், அதனால். அப்பப்பாவின் கண்டுபிடிப்பு. வலை எறிகிறவனுக்கு வசதியாம். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்.

காலை தூறல். பிறகு புழுக்கம். பட்டறையின் வரலாறு ஒரு பக்கத்துக்குள் வேண்டும், வாசலில் மாட்ட. வெளிநாட்டுக்காரரை வாவியில் ஏற்றிப் போக இரண்டு தோணிக்கு ஓடர் வந்திருக்கிறது. அவர்களுக்கு வரலாறு பிடிக்குமாம்.

எழுத வேண்டியவை:
- அப்பப்பா தனியாகத் தொடங்கியது. யாரிடமும் பழகாதது.
- அச்சுப் பலகைகள். தோணியின் விலா மரங்களை வெட்டமுன் மேலே வைத்துக் கோடு கீறுவது. இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. உக்கினால் அப்படியே பார்த்துப் புதிது வெட்டுவோம். மயிரிழை மாற்றுவதில்லை.
- முதல் சோடி கூரையில். ஆயுத பூசைக்கு மட்டும் இறக்கிச் சந்தனம் பூசுவது.

எழுத வேண்டாதது: துறையடியில் சொல்வது. ஒங்கட தோணி குடிச்சவன் போல நிக்குது எண்டு.

15, புதன்

பெரியகல்லாற்றிலிருந்து பூரணி மாமி என்று ஒருவர். முன்பின் தெரியாது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பழைய சின்னத் தோணி. இடம்பெயர்ந்த காலத்திலிருந்து வெல்லாவெளியில் உறவினர் வீட்டில் கிடந்ததாம், மாட்டுக்குத் தவிடு கரைக்க. தன் அப்பா கட்டியது, ஓட்டை அடைத்துத் தர முடியுமா என்றார்.

அப்பா ஒருமுறை பார்த்தார். இடமில்லை என்றார். பட்டறையில் பாதி சும்மா கிடக்கிறது.

மாமி றோட்டைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார். நான் தோணியைத் தடவினேன். இடப்பக்கம் பருமன். கூரையிலிருந்து இடப்பக்கத்துப் பலகையை இறக்கி உள்ளே வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மாமியின் தோணி இடம்பெயரமுன் கட்டியது. எங்கள் பட்டறை தொடங்கியது அதற்குப் பிறகு.

அவர் திரும்பமுன் எடுத்துவிட்டேன். ஏன் ஒளித்தேன்?

உங்கள் அப்பா எல்லாத் தோணியும் இப்படித்தான் கட்டுவாரா என்று கேட்டேன். சிரித்தார்.

"இல்ல புள்ள. அப்பாக்கு இடக்கால் கட்டை. தோணில நேரா நிக்க ஏலாது. இது தனக்கெண்டு கட்டினது. மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் நிக்கும்."

தோணியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். நம்பர் வாங்கி வைத்தேன்.

பலகையைத் திரும்பக் கூரையில் ஏற்றினேன்.

16, வியாழன்

மழை. அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். சீவுளியை நிறுத்தவில்லை. சீவியபடியே சொன்னார்.

ஊரே ஓடின காலம். மாமியின் அப்பாவை அதற்கு முன்னரே யாரோ கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பவில்லை. அப்பப்பா வண்டில் சில்லுச் செய்கிறவர். தோணி கட்டியதே இல்லை. மாமியின் அப்பா தோணி கட்டிய வாடி ஆளில்லாமல் கிடக்க, அதில் ஒரு சோடிப் பலகை மட்டும் தொங்கியதாம். கழற்றிக்கொண்டு வந்தார். கூடப் போனது அப்பா. வயது பத்து.

பிறகு ஒருநாள் மாமியின் அம்மா தேடி வந்திருக்கிறார்.

"உளி, வாள் எண்டு ஆயுதம் கேக்கல்ல மகள் அவ. அவர்ர கை பட்டது ஏதும் மிஞ்சிக் கிடக்கா எண்டுதான் கேட்டா. எல்லாம் எரிஞ்சிற்று எண்டு ஒங்கட அப்பப்பா சொன்னாரு. நான் அந்தப் பலகைக்கு மேல பாயப் போட்டு இரிந்தன்."

மயிரிழை மாற்றாதது பக்தியால் அல்ல. வேறு அளவில் வெட்டத் தெரியாததால். ஒருவர் தன் காலுக்கு வெட்டிய அளவு என்று கூடத் தெரியாததால். கால் விஷயம் அப்பாவுக்கு இன்றுதான் தெரியும். நான் சொன்னேன். சீவுளி நின்றது.

வெளியில் தெரிந்தால் ஒருவரும் இந்தப் பட்டறைக்கு வரமாட்டார்கள் என்றார். "சொல்லிப்போடாத புள்ள. ரெண்டு பலகதானே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும்.

17, வெள்ளி

மழை விட்டது. பாலத்தில் போய் நின்றேன். எங்கள் தோணிகள் இருபதுக்கு மேல். எல்லாம் வலம் சரிந்து. வலை எறிகிறவர்கள் இடது முழங்காலைச் சற்று மடித்து நிற்கிறார்கள். எல்லாரும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். தோணியில் நிற்பது என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

காணாமல் போன ஒருவரின் கால். வாவி முழுக்க.

வீடு. ஒரு மணி. மாமிக்குப் போன் எடுத்தேன். பட்டறையில் இடம் வந்துவிட்டதா என்று கேட்டார். அதற்காக எடுக்கவில்லை என்றேன். உங்கள் அப்பா அந்தத் தோணிக்கு வெட்டின பலகை எங்களிடம் இருக்கிறது. எரியவில்லை. எடுத்தது நாங்கள்.

மாமி பக்கத்தில் யாருக்கோ மெதுவாக எதையோ சொல்வது கேட்டது. இரண்டு முறை சொன்னார்.

"அம்மா பக்கத்திலதான் இரிந்தா மகள். கேட்டதும் சீலை மாத்தப் போயிற்றா. அவவையும் கூட்டிற்று வாறன்."

அப்பா பகல் தூக்கம். எழுப்பினேன்.